ஓநாய் அழட்டும், ஆடு நனைகிறதே!

(பர்கூரில் ஒரு திருமண மண்டபத்தில் ஒளிப்பதிவான பட்டிமன்றம். தலைப்பு: 'அடக்குமுறை நாட்டு மக்களுக்கு அயல்நாடு தரும் இணைய உதவி கைகொடுக்கவா? காலை வாரவா?' கைகொடுக்கவே என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நான் எப்போது தடுமாறுவேன் என்று பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் எதிரணி நண்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரர் ஓசூரில் பட்டறை வைத்திருப்பவர். ஒரே ஒரு பழமொழியில் எங்கள் அணியைச் சாய்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார். என்ன சொன்னார்? 'ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்!' அமெரிக்காவாவது, அடுத்த நாட்டு மக்கள் மேல இரக்கப்படுறதாவது? கருத்துச் சுதந்திரம்னு சொல்லி அவன் கொடுக்கிற கருவியெல்லாம் தூண்டில் புழு! இதுதான் அவர் வாதம். நீங்களும் பலமாத்தான் கைதட்டினீங்க.

நடுவர் அவர்களே, நான் ஓநாய்க்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஓநாய் அழட்டும், சிரிக்கட்டும், அது பாடு. நான் கேட்கிறது ஒரே கேள்வி. ஆடு நனையுதா, இல்லையா? (கைதட்டல்) நனைகிற ஆட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம, ஓநாயோட கண்ணீரை மட்டும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிக்கிட்டிருந்தா எப்படி?

ஆடு எங்கே நனையுதுன்னு நான் சொல்றேன். பக்கத்துல இருக்கிற இலங்கையைப் பாருங்க. 2022ஆம் வருஷம் அங்கே பெட்ரோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. மக்கள் தெருவுக்கு வந்துட்டாங்க. ஏப்ரல் 2ஆம் தேதி சாயங்காலம் ஊரடங்கு போட்டாங்க. அன்னைக்கு நள்ளிரவு தாண்டினதும் பேஸ்புக், வாட்ஸ்அப், ட்விட்டர், யூடியூப் எல்லாத்தையும் மூடினாங்க. வயிறும் காலி, வாயும் மூடு!

அப்ப மக்கள் என்ன செஞ்சாங்க? வி.பி.என். என்கிற கருவியைப் போட்டாங்க. அது என்னன்னு கேட்டா, நம்ம ஊர்க் கணக்கில் சொல்றேன். உங்க வீட்டு வாசல்ல ஒருத்தர் நின்னுக்கிட்டு, 'இந்தக் கடைக்குப் போகாதே'ன்னு தடுக்கிறார். நீங்க பக்கத்து ஊர்ல இருக்கிற உங்க அண்ணன் வீட்டுக்குப் போறதாச் சொல்லிட்டு, அங்கேயிருந்து கடைக்குப் போயிடுறீங்க. அவ்வளவுதான்! வாசல்ல நிக்கிறவருக்கு நீங்க அண்ணன் வீட்டுக்குப் போனது மட்டும்தான் தெரியும்.

இதுல வேடிக்கை என்ன தெரியுமா? அப்போ மந்திரியா இருந்த நாமல் ராஜபக்ச, ஜனாதிபதி கோத்தபயவோட சொந்த அண்ணன் மகன், அவரே ட்விட்டர்ல எழுதினார். இந்தத் தடையை நான் ஏத்துக்க மாட்டேன், நானே இப்ப வி.பி.என். வழியாத்தான் வந்திருக்கேன், இது இருக்கிறவரை இந்தத் தடையெல்லாம் பயன்படாதுன்னு. சித்தப்பா பூட்டினார், மகன் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தார்! (சிரிப்பு) ஒரு நாள் முடியறதுக்குள்ள தடையை எடுத்தாங்க. ஜூலையில் அந்த ஜனாதிபதியே நாட்டை விட்டுப் போனார்.

அதுக்கு முன்னால 2007 ஜூன்லயே, போர் நடந்துக்கிட்டிருந்தப்ப, தமிழ்நெட் என்கிற செய்தித் தளத்தை இலங்கையில முடக்கினாங்க. அது ஒரு பக்கம் சாய்ந்த தளம்னு விமர்சனம் உண்டு. இருக்கட்டும். ஆனால் வன்னியில குண்டு விழுந்துச்சா, தன் ஊர் தப்பிச்சதா என்று தெரிஞ்சுக்க கொழும்பில் இருக்கிற ஒரு தமிழ்த் தாய்க்கு ஆசை இருக்காதா? நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களில் இருக்கிற பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. சொந்தக்காரங்க உயிரோட இருக்காங்களா என்கிற ஒரு வரிச் செய்திக்கு என்ன விலைன்னு அவங்களுக்குத் தெரியும்.

எதிரணியில் ஒருவர் எழுந்து, 'அம்மா, அதெல்லாம் வெளிநாட்டுக் கதை'ன்னு சொல்லலாம். சரி, உள்ளூருக்கு வர்றேன். 2018 மே 22. தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு. 13 பேர் செத்தாங்க. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்திலயும் இணையத்தை நிறுத்தினாங்க. துக்கம் விசாரிக்கிற நேரத்தில் தொடர்பு இல்லை! காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்தின இணையம், அதிவேகத்தில் திரும்ப வந்தது 2021 பிப்ரவரியில்தான். நம்ம நாட்டுக்கு ஒரு பெருமை, இங்கே கோர்ட் இருக்கு. காலவரையில்லாமல் இணையத்தை நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு 2020 ஜனவரி 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. ஆனாலும் 2024ஆம் வருஷத்துக் கணக்கை அக்சஸ் நவ் என்கிற அமைப்பு எடுத்தது. ராணுவ ஆட்சி நடக்கிற மியான்மரில் 85 முறை இணைய முடக்கம். ஜனநாயக நாடான இந்தியாவில் 84! ஒரே ஒரு மார்க்கில் முதலிடம் போச்சு. இந்தப் பரீட்சையில் தோற்றதுக்கு ஒரு டீச்சரா நான் வருத்தப்படலை. (சிரிப்பு)

அடுத்து, எதிரணிச் சகோதரர் இன்னொன்று சொன்னார். 'வெளிநாட்டு அரசாங்கத்தோட காசு வாங்கின எதுவும் நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது.' ஐயா, 1975ஐ ஞாபகம் இருக்கிற பெரியவங்க இந்த மண்டபத்துல இருப்பீங்க. நெருக்கடி நிலை. பத்திரிகைக்குத் தணிக்கை. வானொலி அரசாங்கத்தோடது. நாட்டுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க ஜனங்க எதைத் திருப்பினாங்க? சிற்றலை வானொலியில் பி.பி.சி.யைத் திருப்பினாங்க! தமிழில் கேட்கணும்னா தமிழோசை. பி.பி.சி.யோட தில்லிச் செய்தியாளர் மார்க் டல்லி அந்த வருஷம் நாட்டை விட்டே போக வேண்டியதாச்சு. அந்த உலகச் சேவைக்கு அன்னைக்குக் காசு கொடுத்தது யாரு? பிரிட்டன் அரசாங்கத்தோட வெளியுறவுத் துறை! யாரை விரட்டினோமோ அவனோட காசு. அந்தக் காசில் வந்த செய்தியைக் கேட்டதால நாம மறுபடி வெள்ளைக்காரனுக்கு அடிமையாகிட்டோமா? 1977ல் ஓட்டுப் போட்டு ஆட்சியையே மாத்தினோம்! (பலத்த கைதட்டல்) அன்னைக்கு ரேடியோ, இன்னைக்கு வி.பி.என். பெட்டி மாறிச்சு. வேலை அதேதான்.

சரி, கொடுக்கிறவனுக்குச் சுயநலம் இல்லையா? இருக்கு! ஒளிக்க மாட்டேன், நானே சொல்றேன். டார் என்று ஒரு கருவி இருக்கு. அதன் யோசனை பிறந்த இடம் எது தெரியுமா? அமெரிக்கக் கடற்படையோட ஆராய்ச்சிக்கூடம். 1990களின் நடுவில். எதிரணி பேனாவை எடுத்துக் குறிச்சுக்கலாம், நான் மெதுவாவே சொல்றேன்.

அது எப்படி வேலை செய்யுது? பர்கூரிலிருந்து பெங்களூருக்கு ஒரு ரகசியக் கடிதம் போகணும்னு வெச்சுக்குங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணா உறை போட்டு ஒட்டுறோம். மேல் உறையில் கிருஷ்ணகிரி விலாசம். கிருஷ்ணகிரிக்காரர் அதைப் பிரிச்சா உள்ளே சூளகிரி விலாசம். சூளகிரிக்காரர் பிரிச்சா ஓசூர் விலாசம். ஓசூர்க்காரர் பிரிச்சாத்தான் பெங்களூர் விலாசம். கிருஷ்ணகிரிக்காரருக்கு அனுப்பினவர் தெரியும், கடைசியில் போய்ச் சேருகிற இடம் தெரியாது. ஓசூர்க்காரருக்குப் போகிற இடம் தெரியும், அனுப்பினவர் தெரியாது. நடுவில் இருக்கிற சூளகிரிக்காரருக்கு ரெண்டுமே தெரியாது! வெங்காயத் தோல் மாதிரி உரிக்க உரிக்க வருது. அதனால அதுக்கு வெங்காய வழின்னே பேர் வெச்சாங்க.

இப்படி ஒரு நல்ல பொருளைக் கடற்படை தனக்கு மட்டும் வெச்சுக்காம ஏன் ஊருக்கே கொடுத்துச்சு? தர்மமா? இல்லவே இல்லை! கடற்படைக்காரன் மட்டும் அந்த உறையைப் பயன்படுத்தினா, உறையைப் பார்த்ததுமே 'இது கடற்படை ஆள்'னு தெரிஞ்சு போகுமே! திருவிழாக் கூட்டத்தில் மறையணும்னா முதல்ல கூட்டம் இருக்கணும். மாணவன், பத்திரிகைக்காரர், வக்கீல், வீட்டுக்குப் பயந்து ஓடி வந்த பெண், இவங்க எல்லாரும் அதே உறையைப் பயன்படுத்தினாத்தான் அவன் மறைய முடியும். அவன் சுயநலமே அந்தப் பொருளைப் பொதுவாக்க வெச்சுது!

அவன் கொடுத்ததால அவனே திறந்து பார்க்க மாட்டானான்னு கேட்பீங்க. பார்க்க ஆசைதான். 2013ல் ஸ்னோடன் வெளியே கொண்டு வந்த காகிதங்களில், அதே அமெரிக்காவோட இன்னொரு துறை, உளவு பார்க்கிற என்.எஸ்.ஏ., இந்த டாரை உடைக்கப் பாடுபட்டது வெளியாச்சு. டாரில் இருக்கிற எல்லாரையும் எப்பவும் கண்டுபிடிக்க எங்களால முடியாதுன்னு புலம்பி, அந்தக் காகிதத்துக்கு 'டார் நாறுது'ன்னே தலைப்பு வெச்சிருந்தாங்க. ஒரு கை பூட்டுக் கொடுக்குது. இன்னொரு கை சாவி தேடுது. கொடுத்த வீட்டுக்காரனாலேயே லேசில் திறக்க முடியலைன்னா அது நல்ல பூட்டா, கெட்ட பூட்டா? நீங்களே சொல்லுங்க!

எதிரணித் தலைவர் கடைசியில் பேசும்போது ஒரு பெரிய குண்டு வைத்திருப்பார். அதை நானே எடுத்து வெச்சிடுறேன். சுவிட்சர்லாந்தில் க்ரிப்டோ ஏ.ஜி. என்று ஒரு கம்பெனி. ரகசியச் செய்தியைப் பூட்டி அனுப்புகிற மெஷின் செய்து வித்தது. 120க்கு மேற்பட்ட நாடுகள் வாங்கின. இந்தியாவும் வாங்கிச்சு, பாகிஸ்தானும் வாங்கிச்சு. 2020 பிப்ரவரியில் குட்டு உடைஞ்சது. 1970லிருந்து அந்தக் கம்பெனிக்கு ரகசிய முதலாளிகள் அமெரிக்க சி.ஐ.ஏ.வும் அன்றைய மேற்கு ஜெர்மனியின் உளவுத் துறையும்! ரெண்டு எதிரிகளும் ஒரே கடையில் பூட்டு வாங்கியிருக்காங்க, கடைக்காரன் கல்லாவில் மாற்றுச் சாவி!

இது எங்கள் அணிக்கு எதிரான சாட்சியா? இல்லை ஐயா, இதுதான் எங்களுக்குப் பெரிய சாட்சி. அது உதவியா வந்ததில்லை, வியாபாரமா வந்தது. காசு கொடுத்து வாங்கின பெட்டி. உள்ளே என்ன இருக்குன்னு வாங்கினவன் பார்க்க முடியாது. ஆனால் டார், சிக்னல் மாதிரிக் கருவிகளோட உள் எழுத்து ஊரறியத் திறந்து கிடக்குது. நம்ம பர்கூர் அரசினர் பொறியியல் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகூட எடுத்து வரி வரியாப் படிக்கலாம், தப்பு இருந்தா உலகத்துக்குச் சொல்லலாம். பர்கூரில் ஜவுளி எடுக்க வர்ற நம்ம தாய்மார்கள் என்ன செய்வாங்க? கடைக்காரர் அண்ணன் தம்பியாவே இருந்தாலும், சேலையைப் பிரிச்சு, முந்தானையை விரிச்சு, வெளிச்சத்தில் பிடிச்சு ஓட்டை இருக்கான்னு பார்ப்பாங்க. விற்கிறவர் ஜாதகத்தைப் பார்க்க மாட்டாங்க! பிரிச்சுக் காட்ட மாட்டேன்னு சொன்னா, சொந்த மாமன் கடையானாலும் வாங்க மாட்டாங்க. (கைதட்டல்) அந்தப் புத்தியைத்தான் நான் இங்கேயும் கேட்கிறேன். கொடுப்பவன் யாருன்னு மட்டும் பார்க்காதீங்க. பிரிச்சுப் பார்க்க விடுறானான்னு பாருங்க.

பட்டறைச் சகோதரருக்கு ஒரு கேள்வி. உங்க பட்டறையில் ஜப்பான் மெஷின் இருக்குன்னு நீங்களே பெருமையாச் சொன்னீங்க. மெஷின் வரலாம், பூட்டு வரக்கூடாதா? இன்னொன்று, காலையில் எழுந்ததும் உங்க வீட்டு வாட்ஸ்அப் குழுவில் சாமி படம் போட்டுக் காலை வணக்கம் சொல்றீங்களே, அந்தச் செய்தியைப் பூட்டி அனுப்புகிற முறை எங்கேயிருந்து வந்துச்சு? சிக்னலை உருவாக்கின குழுவிடமிருந்து. அமெரிக்க மக்களோட வரிப்பணத்தில் நடக்கிற ஓப்பன் டெக்னாலஜி பண்ட் என்கிற நிதியம், 2013லிருந்து 2016க்குள் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் அந்தக் குழுவுக்கு உதவிச்சு. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் அந்தப் பூட்டை எல்லாருக்கும் போட்டுச்சு. அயல்நாட்டு உதவி வேண்டாம்னு வாதாடின நம்ம சகோதரர், அந்த உதவியில் பிறந்த பூட்டைப் போட்டுத்தான் தினமும் காலை வணக்கம் சொல்றார்! (சிரிப்பு, கைதட்டல்)

'மாமியார் உடைச்சா மண்சட்டி, மருமகள் உடைச்சா பொன்சட்டி'ன்னு சொல்வாங்க. இஸ்ரேல் நாட்டுக் கம்பெனி ஒண்ணு பெகாசஸ் என்று ஒரு வேவுக் கருவி விற்குது. அடுத்தவங்க போனுக்குள்ள புகுந்து எல்லாத்தையும் பார்க்கிற கருவி. யாருக்கு விற்கிறோம்னு அந்தக் கம்பெனியே சொல்லுது, அரசாங்கங்களுக்கு மட்டும்தான்னு. உலகத்தில் எத்தனையோ அரசாங்கங்கள் தன் ஜனங்களை வேவு பார்க்க வெளிநாட்டிலிருந்து கருவி வாங்கினா அது மண்சட்டி. அந்த ஜனங்க தன்னைக் காப்பாத்திக்க வெளிநாட்டிலிருந்து ஒரு பூட்டு வாங்கினா மட்டும் பொன்சட்டியா? என்னய்யா நியாயம் இது!

'தீவிரவாதியும் இதைத்தானே பயன்படுத்துறான்?' இது கடைசிக் கேள்வி. 2023 மே மாதம் நம்ம அரசாங்கம் அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் 14 செயலிகளைத் தடை செய்தது. அதில் ப்ரையர் என்று ஒன்று. இணையமே இல்லாதபோதும் பக்கத்துப் போனுக்கு ப்ளூடூத்தில் செய்தி அனுப்புகிற செயலி. புயலில் டவர் சாய்ந்தாலும் உதவுகிற பொருள். நான் கேட்கிறேன், நம்ம ஊர் வழியாப் போகிற சென்னை நெடுஞ்சாலையில் கடத்தல் லாரியும் போகுது, ஆம்புலன்ஸும் போகுது. கடத்தலைத் தடுக்க என்ன செய்றோம்? செக்போஸ்ட் போடுறோம், சந்தேகப்பட்ட வண்டியை நிறுத்திச் சோதனை போடுறோம். ரோட்டையே தோண்டிப் போடுறோமா?

வதந்தியைப் பற்றியும் சொன்னாங்க. எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு அது தெரியாததா? 2016 செப்டம்பர் 12, காவிரிக் கலவரம். பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரியுது. பஸ் எல்லாம் ஓசூரோட நின்னு போச்சு. அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு மூட்டையைத் தலையில் வெச்சுக்கிட்டு ஜனங்க நடந்து வந்தாங்க. எங்க தெருவில் ஒரு அம்மா. பையன் அங்கே கம்பெனியில் வேலை. தெருவெல்லாம் கண்டபடி பேச்சு. அத்தனை பேச்சையும் அடக்கினது எது? போலீஸா? தடையா? ராத்திரி அந்தப் பையன்கிட்டேயிருந்து வந்த ஒரு செய்தி. 'அம்மா, நான் ரூமில் இருக்கேன். வீட்டு ஓனரம்மா கன்னடத்துக்காரங்க, வெளியே விடாம சோறு போட்டாங்க.' அந்த ஒரு வரியில் அந்த வீட்டில் அடுப்பு எரிஞ்சது. எங்க தெருவில் கோபமும் தணிஞ்சது. வதந்தியைக் கொல்றது உண்மைச் செய்திதான் ஐயா, இருட்டு இல்லை! இருட்டில்தான் வதந்தி குட்டி போடும்.

நிறைவாக ஒன்று. எங்கள் அணி அயல்நாட்டை நம்பியே வாழச் சொல்லவில்லை. 2025 மார்ச்சில், நான் சொன்ன அந்த நிதியத்துக்கான பணத்தை அமெரிக்க அரசாங்கமே நிறுத்தப் பார்த்துச்சு. நிதியம் கோர்ட்டுக்குப் போச்சு. அப்புறம்தான் நிறுத்தின உத்தரவை வாபஸ் வாங்கினாங்க. கொடுக்கிற கை ஒரு நாள் மடங்கும். ஆனால் அப்படி மடங்கினாலும், திறந்த எழுத்தில் இருக்கிற பூட்டை யாரும் திரும்ப எடுத்துக்கிட்டுப் போக முடியாது. அந்த எழுத்து உலகத்தோடது ஆகிப் போச்சு. சிக்னல் அப்படித்தான் நின்னுது. 2018ல் பிரையன் ஆக்டன், வாட்ஸ்அப்பை ஆரம்பிச்ச ரெண்டு பேரில் ஒருவர், 5 கோடி டாலர் கொடுத்து அதை ஒரு அறக்கட்டளையா ஆக்கினார். டாரில் கடிதத்தைக் கைமாத்தி விடுகிற ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சொந்தச் செலவில் ஓட்டுறாங்க. நாளைக்கு அந்தக் கூட்டத்தில் நம்ம பர்கூர்ப் பிள்ளைகளும் சேரணும். இன்னைக்கு வாங்குகிற நம்ம கை, நாளைக்கு இன்னொரு நாட்டுத் தாய்க்குக் கொடுக்கிற கையாகணும்.

ஆகவே நடுவர் அவர்களே! பூட்டின வீட்டுக்குள்ளே இருந்து ஒருத்தி கதவைத் தட்டுகிறாள். வெளியே நிற்கிறவன் நல்லவனோ, கணக்குப் பார்க்கிறவனோ, அவன் நீட்டுகிற சாவியை அவள் முதலில் சோதித்துப் பார்க்கட்டும். சரியாக இருந்தால் வாங்கிக் கதவைத் திறக்கட்டும். அவள் மூச்சு விட்ட பிறகு, அவன் யார் என்று நாம் சாவகாசமாக விசாரிக்கலாம். எனவே அடக்குமுறை நாட்டு மக்களுக்கு அயல்நாடு தரும் இணைய உதவி கைகொடுக்கவே, கைகொடுக்கவே என்று நல்ல தீர்ப்பு வழங்கும்படி உங்களைக் கேட்டு அமர்கிறேன்.